வழிமறித்தேன் என்பது உண்மைதான்

என் கணவருக்கு அவருடைய அலுவலகத்தில் கொடுத்த மெமோவில் என்னைப் பற்றி ஓர் ஆங்கில வினைச்சொல் இருந்தது. அந்தச் சொல்லை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எழுத்துக் கூட்டி 'வேலெய்ட்' என்று படித்தேன். வே என்றால் வழி. லெய்ட் என்றால் போட்டது. ரோடு போட்டதைச் சொல்ல அப்படித்தான் எழுதுவார்கள். எங்கள் குடியிருப்பைப் பராமரிக்கும் இன்ஜினியருக்கு நான் வழி போட்டுக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார்களோ என்று ஒரு நிமிடம் குழம்பினேன். கணவரின் முகத்தைப் பார்த்ததும் அது பாராட்டு இல்லை என்று தெரிந்துவிட்டது.

மெமோவை அவர் சாப்பாட்டுப் பைக்குள் டிபன் பாக்ஸுக்கு அடியில் மடித்து வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஓரத்தில் ரசம் பட்டிருந்தது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று அங்கே வைத்தாராம்.

நாங்கள் இருப்பது தெற்கு தில்லியில் ஓர் அரசுக் குடியிருப்பு. நான்கு மாடிக் கட்டடங்கள். எங்கள் வீடு இரண்டாவது மாடி. கணவர் ஓர் அமைச்சகத்தில் உதவியாளர். இருவருக்கும் திண்டுக்கல் பக்கம். நான் தமிழ் வழியில் பி.ஏ. வரலாறு படித்தவள். கல்யாணமாகி வந்து பதினாறு வருடம் ஆகிறது. இந்தியைக் காய்கறிச் சந்தையிலும் ரேஷன் வரிசையிலும் கற்றுக்கொண்டேன். சண்டை போடுகிற அளவுக்கு வரும். ஆங்கிலத்தை மட்டும் உதடு அசையாமல் படிக்க இன்றுவரை வரவில்லை.

அந்த வருடம் மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் நாற ஆரம்பித்தது. காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும். முதல் பத்து நிமிடம் பழுப்பாக வந்து பிறகு தெளிந்துவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு தெளிந்த தண்ணீரிலும் நாற்றம் வந்தது. எவர்சில்வர் குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் கறுப்பாக நூல் மாதிரி ஏதோ மிதந்தது. கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். ஆனால் பல் தேய்ப்பதும் தட்டு கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தானே. ஆகஸ்டில் என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண். கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, சோற்றைப் பார்த்தாலே ஓங்கரித்துக்கொண்டு, மூன்று வாரம் சுருண்டு கிடந்தாள். டிஸ்பென்சரி டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

கீழ் வீட்டில் ஒரு கட்வாலிப் பெண் இருக்கிறாள். மலைக்காரி, என் வயதுதான். அவளுடைய மாமியாருக்கும் அந்த மாதத்தில் இரண்டு தடவை வயிற்றுப்போக்கு வந்து குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். நாங்கள் இருவரும் கட்டடத்துக்குப் பின்னால் போய், துப்புரவு வேலைக்கு வந்தவரிடம் சொல்லி சாக்கடை மூடியைத் திறந்து பார்த்தோம். குடிதண்ணீர்க் குழாய் அந்தக் குழிக்குள்ளேயே நுழைந்து வெளியே போனது. துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது. தண்ணீர் வரும் நேரத்தில் உள்ளேயிருந்து வெளியே கசியும். வராத நேரத்தில் வெளியேயிருந்து உள்ளே போகும். இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

எங்கள் குடியிருப்பில் எது உடைந்தாலும் என்கொயரி என்று ஒரு சின்ன அலுவலகத்தில்தான் சொல்ல வேண்டும். போனில் செயலி வழியாகவும் புகார் கொடுக்கலாம். கொடுத்தேன். மறுநாளே புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. யாரும் வந்து பார்க்கவே இல்லை. மறுபடி கொடுத்தேன். மறுபடி தீர்த்துவிட்டார்கள். அதன்பிறகு நேரில் போனேன். அங்கிருந்த பிளம்பர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். குழாயை முழுக்க மாற்ற வேண்டும், அது தன் கையில் இல்லை, எஸ்டிமேட் போட்டு இன்ஜினியர் கையெழுத்திட வேண்டும், அவரைப் பாருங்கள் என்றார்.

அவரைப் பார்க்கத்தான் முடியவில்லை. பதினொரு தடவை போனேன். என்னென்ன தேதி என்று சமையலறை நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "சாப் சைட் பே கயே ஹைன்." சாப், அதாவது பெரியவர், சைட்டுக்குப் போயிருக்கிறார். நாற்காலி முதுகில் ஒரு துண்டு போட்டிருக்கும். மேசையில் பாதி குடித்த சாயா இருக்கும். ஒருநாள் அந்த சாயாவிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

அன்று வெளியே வந்து நின்று யோசித்தேன். சைட்டுக்குப் போகிறவர் எந்த வழியாகப் போவார்? அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். நாவல் மரங்களுக்கு அடியில் ஒரு சின்ன கேட் இருந்தது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு காவலாளி. அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். சாப் தினமும் பத்து மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் கிளம்பிவிடுவார் என்றும், பத்து மணிக்கு முன்பக்கம் புகார்க் கூட்டம் வந்துவிடும் என்றும் அவர் சாதாரணமாகச் சொன்னார். யாரும் கேட்காததால் அதுவரை யாருக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் ஒன்பதரைக்கே அங்கே போய் நின்றேன். கையில் ஒரு லிட்டர் பாட்டில். காலையில் எங்கள் குழாயில் பிடித்த தண்ணீர். கட்வாலிப் பெண்ணைக் கூப்பிட்டேன். மாமியாரை விட்டுவிட்டு வர முடியாது என்றாள். தனியாகத்தான் நின்றேன். பயமாகத்தான் இருந்தது.

வெள்ளைக் கார் வந்தது. குறுகலான கேட் என்பதால் மெதுவாகத்தான் வர முடியும். நான் நடுவில் போய் நின்றேன். ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை. கண்ணாடியை இறக்கினார். ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. பார்த்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார். ஆபீசுக்கு வாருங்கள், பேசுவோம் என்றார். ஆபீசில் நீங்கள் இருப்பதில்லையே என்றேன். அவசரமாகப் போக வேண்டும் என்றார். நான் பாட்டிலின் மூடியைத் திறந்து கார் பானட்டின் மேல் வைத்தேன்.

"இதுல ஒரு வாய் குடிங்க. நான் நகந்துக்கிறேன்" என்றேன் இந்தியில்.

அவர் குடிக்கவில்லை. பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார். இதற்குள் இரண்டு கட்டடத் தொழிலாளிகளும் ஒரு பால்காரரும் நின்றுவிட்டார்கள். நான் குரலை உயர்த்தவில்லை, காரைத் தட்டவில்லை. என் மகளின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்து, காமாலையைக் காட்டும் பிலிருபின் எண்ணை மட்டும் வாசித்துக் காட்டினேன். எண்ணைக் கேட்டதும் அவர் எஞ்சினை நிறுத்தினார்.

இறங்கி என்னோடு நடந்து வந்தார். இருநூறு அடி தூரம்தான். சாக்கடை மூடியைத் திறக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார். டைரியில் ஏதோ குறித்துக்கொண்டார். போகும்போது என் வீட்டு எண்ணைக் கேட்டார். குழாய்க்காகத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சந்தோஷமாகச் சொன்னேன்.

நான்காம் நாள், அவர் கொடுத்த புகாரின் பேரில் மெமோ வந்தது. அலுவல் நிமித்தமாகச் சென்றுகொண்டிருந்த பொறியாளரை இன்ன எண் வீட்டில் குடியிருப்பவரின் மனைவி வேலெய்ட் செய்தார். அரசு ஊழியர் தம் குடும்பத்தாரின் நடத்தைக்கும் பொறுப்பாவார். ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம்.

என் கணவர் சண்டைக்காரர் இல்லை. பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் தான் மன்னிப்புக் கேட்பவர். அன்று அவர் என்னைத் திட்டவில்லை. சாப்பிட்டுவிட்டு, மேசையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஏதோ எழுதினார். பிறகு குளிக்கப் போனார். நான் அதை எடுத்துப் படித்தேன். என் மனைவி கிராமப் பின்னணி கொண்டவர். இந்தியும் ஆங்கிலமும் சரியாகத் தெரியாதவர். மகளின் நோயால் மனம் கலங்கி அறியாமையில் அவ்வாறு நடந்துகொண்டார். அவர் சார்பில் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்கிறேன். அழகான கையெழுத்து. ஒரு அடித்தல்கூட இல்லை.

அதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு அந்த இன்ஜினியர் மேல்கூட வரவில்லை.

அவர் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்ததும் கேட்டேன். "இதுல எதுங்க உண்மை?"

"உண்மையா பொய்யாங்கிறது இல்லம்மா. ரெண்டு வரி எழுதிக் குடுத்தா ஃபைல மூடிருவாங்க. ப்ரமோஷன் லிஸ்ட் வர்ற நேரம்."

"நான் அறியாமைல செய்யலயே. எந்த கேட்டு, எத்தன மணின்னு விசாரிச்சு, யோசிச்சுத்தான செஞ்சேன்."

"அதத்தான் எழுதக் கூடாதுங்கிறேன்" என்றார்.

துண்டைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

முதலில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். என் மேல் சாட்டியிருக்கிற குற்றம் எனக்கே புரியவில்லை என்றால் அவர் எழுதிய அறியாமை என்பது உண்மையாகிவிடும். கல்லூரியில் வாங்கிய ஆங்கிலம் தமிழ் அகராதி ஒன்று இன்னும் பரணில் இருந்தது. எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். வழிமறி, பதுங்கியிருந்து தாக்கு, வழிப்பறி செய் என்று மூன்றையும் ஒரே வரியில் போட்டிருந்தது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தமிழில் வழிமறிப்பதும் வழிப்பறி செய்வதும் காதுக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒலிக்கும். ஆனால் செய்தவர்கள் போய்ச் சேருகிற இடம் வேறு. எங்கள் பக்கம் தண்ணீர் வரவில்லை என்றால் பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை மறிப்பார்கள். போலீஸ் வந்து வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைக்கும், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். மறுநாள் தண்ணீர் லாரி வரும். அது மறியல். பத்திரிகையில் போட்டோ வரும், அதைக் கடையில் ஒட்டி வைப்பார்கள். வழிப்பறி செய்தவனை யாரும் அப்படி ஒட்டி வைப்பதில்லை. ஆங்கிலக்காரன் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டுவிட்டான். அப்படியானால் மெமோவில் எழுதியவர் எதை நினைத்து எழுதினார்?

கட்வாலிப் பெண்ணிடம் கேட்டேன். அவள் தன் கணவரிடம் கேட்டுக்கொண்டு வந்து, இந்தியில் 'காத் லகானா' என்று சொல்லலாம் என்றாள். அவள் ஊரில் சிறுத்தை அதைத்தான் செய்யுமாம். புல்லறுக்கப் போகிற பெண்களுக்காகப் புதருக்குள் வயிறு தரையில் படப் படுத்துக் காத்திருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் புதருக்குள் படுத்திருக்கவில்லை. பச்சைச் சுடிதாரில், வெயிலில், எல்லாரும் பார்க்க நின்றிருந்தேன். பதுங்கியது யார் என்று பார்த்தால் பின்கேட் வழியாகப் போனவர்தான் பதுங்கினார்.

கடைசியில் என் மகள்தான் தெளிவாகச் சொன்னாள். கட்டிலில் சாய்ந்தபடி போனில் தேடினாள். தில்லியில் பிறந்த பெண். தமிழ் பேசுவாள், எழுத்து தட்டுத் தடுமாறும்.

"அம்மா, இதுக்கு ரெண்டு மீனிங் இருக்கு. ஒன்னு, சுப்கே சே ஒளிஞ்சு நின்னு அட்டாக் பண்றது. இன்னொன்னு, யாராவது போயிட்டு இருக்கும்போது ஸ்டாப் பண்ணிப் பேசுறது. மினிஸ்டர ரிப்போர்ட்டர்ஸ் பண்ணுவாங்கல்ல, அந்த மாதிரி. நீ எதப் பண்ணுன?"

"ரெண்டாவது."

"அப்ப அவங்க சொன்னது கரெக்ட்தான?"

அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. முதல் அர்த்தத்தில் நான் நிரபராதி. இரண்டாவது அர்த்தத்தில் நான் முழுக்க முழுக்கக் குற்றவாளி. இரண்டையும் அப்படியே எழுதிவிட்டால் என்ன என்று தோன்றியது.

முதலில் தமிழில் எழுதினேன். பிறகு மகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் போட்டேன். எங்கள் அப்பா இறந்தபோது வங்கிக்கு எழுதியதைத் தவிர நான் ஆங்கிலத்தில் எழுதிய ஒரே கடிதம் அதுதான். என் கணவரிடம் கேட்கப்பட்ட விளக்கத்தை நான் தருகிறேன், காரணம் அன்று காலை அவர் அங்கே இல்லை, நான்தான் இருந்தேன் என்று ஆரம்பித்தேன். பொறியாளரை வழிமறித்தேன் என்பது உண்மைதான். ஒளிந்திருந்து தாக்கினேன் என்பது இதன் பொருளானால் அது பொய். காவலாளியும் பால்காரரும் சாட்சி. போகிறவரை நிறுத்திப் பேசினேன் என்பது பொருளானால் அதை ஒப்புக்கொள்கிறேன். பதினொரு நாள் அவரைப் பார்க்க முறைப்படி போனேன், தேதிகள் கீழே உள்ளன. இதற்காக நான் வருந்தவில்லை. இந்தக் கடைசி வரியை எழுதும்போது மகள், அம்மா, வருந்தவில்லைன்னு எழுதணுமா என்று கேட்டாள். எழுதத்தான் வேண்டும் என்றேன்.

ஆறாம் நாள் காலை அதைக் கணவரின் மேசையில் அவருடைய மன்னிப்புக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எதைக் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சமையலறையில் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் படிக்கும் சத்தம் கேட்டது. அவரும் உதடு அசைத்துத்தான் படிப்பார், முக்கியமான காகிதமாக இருந்தால். மூன்று தடவை படித்தார். பிறகு பேனா மூடியைத் திறக்கும் சத்தம்.

நான் எட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் கேட்டுக்கு மேலே நின்றேன் என்று பொருள்படும்படி 'அட்' என்பதற்குப் பதில் 'ஆன்' என்று போட்டிருந்தேன். அதை அடித்துச் சரியாக எழுதினார். இன்னோரிடத்தில் ஒரு காற்புள்ளி. வேறு எதையும் தொடவில்லை. 'வருந்தவில்லை' என்ற வரிக்கு மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நகர்ந்துவிட்டது.

மெமோ அவர் பெயருக்கு வந்ததால் மனைவியின் கடிதத்தை அலுவலகம் வாங்காது, அதுதான் விதி. அதனால் மேலே ஒரு காகிதம் வைத்து, என் மனைவியின் பதிலை இணைத்துள்ளேன், இதில் சேர்க்கவோ நீக்கவோ என்னிடம் எதுவும் இல்லை என்று இரண்டு வரி எழுதினார். பழைய கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை எங்கே போட்டார் என்று நான் இதுவரை கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அவரை நேரில் கூப்பிட்டார்கள். நானும் கிளம்பினேன். உன்னைக் கூப்பிடவில்லையே என்றார். கூப்பிடாத இடத்துக்குப் போய்த்தானே இந்த மெமோவே வந்தது என்றேன். வரவேற்பறையில் பாஸ் எழுதுகிறவர் வந்த காரணம் என்ன என்று கேட்டார். விளக்கம் என்று சொன்னேன். என்ன விளக்கம் என்று அவர் கேட்கவில்லை.

விசாரித்த அதிகாரி ஒரு பெண். நரைத்த தலையை இறுகக் கொண்டை போட்டிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் அவரும், பக்கவாட்டில் இன்ஜினியரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அதிகாரி, உங்களை அழைக்கவில்லை என்றார். என் கணவர் எனக்காகப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திவிட்டு நின்றுகொண்டார். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு இன்னொரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

பேச்சு முழுக்க இந்தியில்தான். இன்ஜினியரிடம் கேட்டார்: இவர் உங்களை அடித்தாரா? இல்லை. தொட்டாரா? இல்லை. தகாத வார்த்தை பேசினாரா? இல்லை, தண்ணீர் குடிக்கச் சொன்னார். பிறகு ஏன் இந்தச் சொல்? இன்ஜினியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழியை மறித்தார் என்று இந்தியில்தான் தான் சொன்னதாகவும், புகார்க் கடிதத்தை டைப் அடித்தவர் அந்த வார்த்தையைப் போட்டுவிட்டதாகவும், தான் கையெழுத்து மட்டும் போட்டதாகவும் சொன்னார். அத்தனை நாள் நான் அகராதியை வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றது யாரோ ஒரு டைப்பிஸ்டின் ஆங்கிலத்தோடு.

அதிகாரி நாள்காட்டித் தேதிகளைக் காட்டி, ஏன் நீங்கள் இடத்தில் இருப்பதில்லை என்று கேட்டார். அவர் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று குடியிருப்புகள் அவர் பொறுப்பில். அந்தக் குழாய்க்கு ஏற்கெனவே இரண்டு தடவை எஸ்டிமேட் அனுப்பி மேலிடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. "வர்றவங்களுக்குச் சொல்ல என்கிட்ட பதில் இல்ல மேடம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதில் இல்லை என்பதைச் சொல்லவாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாமே, நான் பத்து நாள் மிச்சப்படுத்தியிருப்பேன், அந்தப் பத்து நாளும் என் மகள் அந்தத் தண்ணீரில்தான் வாய் கொப்பளித்தாள் என்றேன்.

அதிகாரி பேனாவை எடுத்தார். இதைப் பெரிதாக்க வேண்டாம், வேலெய்ட் என்பதை எடுத்துவிட்டு 'சந்தித்தார்' என்று திருத்திவிடலாம், குடியிருப்பவரின் மனைவி பொறியாளரைக் கேட் அருகே சந்தித்துக் குறையைச் சொன்னார், அவ்வளவுதான், ஃபைல் முடிந்தது என்றார். இன்ஜினியர் உடனே தலையாட்டினார். என் கணவர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

நானும் தலையாட்டியிருக்கலாம். நியாயமான அதிகாரி, நல்லதுதான் செய்கிறார். ஆனால் அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

"வேண்டாம் மேடம். நான் அவரச் சந்திக்கல" என்றேன். "சந்திக்கத்தான் பதினோரு தடவ போனேன், முடியல. அதனாலதான் வழிமறிச்சேன். சந்திச்சேன்னு எழுதுனா, அவர் சந்திக்கக் கெடைக்கிற ஆளுன்னு ஆயிரும். அந்த வார்த்தை அப்படியே இருக்கட்டும்."

அதிகாரி என் கணவரைப் பார்த்தார். அவர் மனைவியை அடக்குவார் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. "அவங்க சொல்றது சரி மேடம்" என்றார். மிக மெல்லிய குரலில்தான் சொன்னார், ஆனால் சொன்னார்.

அதிகாரி 'வேலெய்ட்' என்பதை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் பலப்பிரயோகம் இன்றி, பதினொரு முறை காண முயன்று இயலாத நிலையில் என்று ஓரத்தில் எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். எஸ்டிமேட் என்ன ஆனது என்று கேட்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம் போடவும் சொன்னார்.

இதை வெற்றி என்று சொல்ல மாட்டேன். குடும்பத்தாருக்கு அறிவுரை கூறும்படி என் கணவருக்கு ஒரு காகிதம் வந்தது. அது அவருடைய ஃபைலில் இருக்கிறது. ப்ரமோஷன் லிஸ்டில் அவர் பெயர் அந்த வருடம் வரவில்லை. இதனால்தானா என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தீபாவளி முடிந்து குழாய் மாற்றினார்கள், எங்கள் கட்டடத்துக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் மட்டும். மகள் தேறிவிட்டாள், ஒரு பருவத் தேர்வு போனது போனதுதான். எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட இன்னும் யோசிக்கிறாள்.

அடுத்த வருடம் பின்வரிசைக் கட்டடத்திலிருந்து மூன்று பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். ஒரு பஞ்சாபி, இரண்டு பீகார்க்காரிகள். அவர்களுடைய குழாயும் நாற ஆரம்பித்திருந்தது. 'வேலே' எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். கட்வாலிப் பெண் அந்தச் சொல்லை இந்தியாக்கிக் குடியிருப்பு முழுக்கப் பரப்பியிருந்தாள். முதலில் முறைப்படி போங்கள், தேதியைக் குறித்து வையுங்கள், பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள், காரைத் தொடாதீர்கள், கத்தாதீர்கள் என்று சொன்னேன். நீயும் வா என்றார்கள். போனேன். புது இன்ஜினியர் இளவயதுக்காரர். நாங்கள் நான்கு பேர் நிற்பதைப் பார்த்ததும் தானே இறங்கி வந்துவிட்டார்.

கணவரின் அக்காவுக்கு இதெல்லாம் எப்படியோ தெரிந்து போன் செய்தார். நல்லவர்தான், ஆனால் வாய் கொஞ்சம் நீளம். தம்பி உத்தியோகத்தை நினைத்துப் பார்க்க வேண்டாமா, பொம்பளை நடுரோட்டில் காரை மறிப்பதா என்று வெகுநேரம் பேசினார். கடைசியில், இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லு என்றார்.

"தண்ணி நல்லா வந்தா செய்ய மாட்டேன் அண்ணி" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.